தொடரைப் பார்க்கும் எங்களையும் ஒருமுறை கேளுங்கள்: ஓடிடி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் ஓடிடி தளங்களுக்காக நாவல்களின் உரிமையை வாங்குகிறவர்களுக்கும், எந்தத் தொடரை எடுப்பது, எடுத்ததில் எதை வெட்டுவது என்று முடிவு செய்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நாவலை வைத்து எடுக்கும் வரலாற்றுத் தொடர் எது வந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். நாவலைப் படித்துவிட்டுத் தொடரைப் பார்ப்போம். சில நேரம் தொடரைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடிப் போவோம். அப்புறம் வாரக்கணக்கில் அதே பேச்சுதான். இந்தப் பாத்திரத்துக்கு இவர் பொருந்தவே இல்லை, அந்த அத்தியாயத்தை ஏன் விட்டார்கள், அந்தக் காலத்தில் புடவையை இப்படியா கட்டினார்கள் என்று எங்களுக்குள் ஆயிரம் சண்டை நடக்கும். கருத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு கதையை எடுக்கப் பயப்படும்போதும், எடுத்த காட்சியில் கத்தரி வைக்கும்போதும், 'பார்வையாளர்கள் புண்படுவார்கள்' என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறதே, அந்தப் பார்வையாளர்கள் யார்? எங்கள் கூட்டத்தில் யாரும் வெட்டச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் பெயரைச் சொல்லி எங்களிடமிருந்தே கதைகளை மறைப்பது வேதனையாக இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் 1988ஐ நினைவுபடுத்த வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரியில் தூர்தர்ஷன் 'தமஸ்' தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. பீஷ்ம சாஹ்னியின் இந்தி நாவல் அது. 1975இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. இயக்கியவர் கோவிந்த் நிஹலானி. பிரிவினைக்குச் சில மாதங்கள் முன்பு, பஞ்சாபில் ஒரு நகரத்திலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் நடக்கிற கதை. சாஹ்னி ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில் அங்கே மூண்ட கலவரத்தின்போது அங்கேயே இருந்தவர். நிஹலானி கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர். எழுதியவர், எடுத்தவர் இருவருக்குமே அது சொந்தக் கதை.

தொடரின் தொடக்கம் பார்த்தவர்களுக்கு மறக்காது. நத்து என்கிற தோல் உரிக்கும் தொழிலாளியிடம் ஐந்து ரூபாயைக் கொடுத்து, கால்நடை மருத்துவருக்கு ஒரு பன்றி வேண்டும், கொன்று கொடு என்கிறார்கள். செத்த மாட்டின் தோலை உரித்துப் பழகியவன் அவன். பன்றியைக் கொன்றதே இல்லை. சின்னக் கொட்டடி, மங்கலான ஒரு விளக்கு, கையில் கத்தியோடு நத்துவாக ஓம் பூரி. பன்றி பிடி கொடுக்காமல் சுற்றிச் சுற்றி வருகிறது. அவனுக்கு மூச்சு வாங்குகிறது, உடம்பெல்லாம் வியர்வை. காட்சி நீண்டுகொண்டே போகிறது. இன்றைக்கு இதை யாராவது உங்களிடம் எடுத்துக்கொண்டு வந்தால் முதல் கூட்டத்திலேயே 'இதைச் சுருக்குங்கள்' என்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நீளம்தான் விஷயமே. விடிந்ததும் அந்தப் பன்றி மசூதிப் படிக்கட்டில் கிடக்கிறது என்று தெரிய வரும்போது, நத்துவின் வயிறு கலங்குவது நமக்கும் கலங்குகிறது. ராத்திரி முழுக்க அவனோடு அந்தக் கொட்டடியில் நாமும் இருந்தோமே.

இது ஒளிபரப்பான காலத்தையும் பாருங்கள். டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டு மூன்று ஆண்டுதான் ஆகியிருந்தது. பஞ்சாபில் துப்பாக்கிச் சத்தம் நிற்கவில்லை. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மீரட்டில் கலவரமும் ஹாஷிம்புரா படுகொலையும் நடந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதே தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடிக்கொண்டிருந்தது. தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். அப்போது ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒருவர் பயந்திருந்தால் அதை வெறும் சாக்கு என்று நான் சொல்ல மாட்டேன். பயப்படக் காரணம் இருந்தது. தூர்தர்ஷன் அலுவலகங்கள் முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. நிஹலானிக்குப் போலீஸ் பாதுகாப்பு போட வேண்டியிருந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குப் போட்டு இடைக்காலத் தடையும் வாங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். அந்தத் தடையை எதிர்த்த மேல்முறையீடு நீதிபதிகள் லெண்டின், சுஜாதா மனோகர் இருவரிடமும் வந்தது. அவர்கள் செய்த முதல் காரியம், தொடரைப் பார்த்தது. பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதாலேயே ஒருவருக்கு நல்லது கெட்டது தெரியாமல் போய்விடாது, மதவெறியைத் தூண்டுகிறவர்களின் சூழ்ச்சியைத் திரையில் பார்த்தால் அவருக்கும் புரியும் என்பது அவர்கள் பார்வை. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. 1988 பிப்ரவரி 16 அன்று நீதிபதிகள் சப்யசாச்சி முகர்ஜி, எஸ். ரங்கநாதன் அமர்வு தடை கேட்ட மனுவைத் தள்ளுபடி செய்தது. நாக்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் முன்பே எழுதியிருந்த ஓர் அளவுகோலை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்: ஒரு படைப்பு என்ன விளைவை உண்டாக்கும் என்பதைத் திடமான மனமும் துணிவும் உள்ள சாதாரண மனிதரை வைத்து எடைபோட வேண்டும், தொட்டதற்கெல்லாம் ஆபத்தைக் கண்டு நடுங்குகிறவரை வைத்து அல்ல.

தூர்தர்ஷன் அன்றைக்கு முழுக்க அரசின் கையில் இருந்த நிறுவனம். பிரசார் பாரதி என்கிற தன்னாட்சி அமைப்பெல்லாம் வந்தது 1997இல். அப்படிப்பட்ட அரசு நிறுவனமே எதிர்ப்புக்கு நடுவில் கடைசி எபிசோடு வரை காட்டியது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வீட்டுக்கு வீடு பெட்டி இல்லாத காலம். பக்கத்து வீட்டுக் கூடத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். ரிமோட்டைத் தட்டி வேறு எதற்கும் போக வழியில்லை. இன்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பணம் கட்டி, தலைப்பைத் தேர்ந்தெடுத்து, எத்தனை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்கிற குறிப்பையும் படித்துவிட்டுத்தான் உங்கள் தொடருக்குள் வருகிறோம். அன்றைக்கு இருந்த தைரியத்தில் பாதியாவது இன்று இருக்கக் கூடாதா?

என் அம்மாவோடு தமஸ் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆங்கில சப்டைட்டிலும் உதவாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். சீக்கியரான ஹர்னாம் சிங்கும் அவர் மனைவி பந்தோவும் கலவரத்துக்குப் பயந்து கடையை விட்டுவிட்டு இருட்டில் நடந்துபோய், ஒரு முஸ்லிம் கிராமத்தில் கதவைத் தட்டுகிறார்கள். ஹர்னாம் சிங்காக நடித்தவர் நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னியேதான். பந்தோ, தீனா பாடக். கதவைத் திறக்கிற ராஜோ, சுரேகா சிக்ரி. உள்ளே விடுவதா, போகச் சொல்வதா என்று அந்த முகத்தில் ஓடுகிறதே, அங்கே நான் மொழிபெயர்ப்பை நிறுத்திவிட்டேன். அம்மாவே கேட்டாள்: "இவ உள்ள விட்டுட்டா. புருஷனும் மகனும் வந்தா என்ன பண்ணுவா?" அந்த வீட்டு ஆண்கள் கொள்ளைக்குப் போயிருக்கிறார்கள் என்பதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சிக்ரிக்கு அந்த நடிப்புக்காகத் தேசிய விருது கிடைத்தது நியாயம்தான்.

நாவலில் இந்த இடம் இன்னும் ஒரு படி மேலே போகும். ராஜோவின் கணவர் கொள்ளையடித்த ஒரு டிரங்குப் பெட்டியோடு வீடு திரும்புகிறார். பூட்டை உடைக்கத் தட்டுகிறார்கள், உடைய மாட்டேன் என்கிறது. ஒளிந்திருந்த ஹர்னாம் சிங் அந்தச் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்து, அது எங்கள் பெட்டிதான், இந்தாருங்கள் சாவி என்கிறார். அந்தக் கணவர் கூனிக் குறுகிப் போகிறார். ஏற்கெனவே பழகியவர்கள்தான் இருவரும். இதைப் படித்து எந்தச் சமூகத்தின் மீது யாருக்கு வெறுப்பு வரும்? எனக்குத் தெரிந்து யாருக்கும் வந்ததில்லை.

எல்லாம் முடிந்தபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி: "பன்னிய வெட்டச் சொன்னவன என்ன பண்ணாங்க?" இந்து யார், முஸ்லிம் யார், எந்தப் பக்கம் அதிகம் செத்தது என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. ஒன்றும் பண்ணவில்லை அம்மா, நாவலில் அந்த முராத் அலி கடைசியில் அமைதிக் குழுவின் பஸ்ஸில் ஏறி, சமாதானக் கோஷம் போட்டுக்கொண்டு போகிறான், நத்து அதற்குள் செத்துப்போய்விட்டான் என்றேன். அவள் ரொம்ப நேரம் திட்டிக்கொண்டிருந்தாள். எட்டாவது வரை படித்த ஒரு தமிழ்நாட்டுக் கிழவிக்கு, ஒரு வார்த்தையும் தெரியாத மொழியில், கதையின் மையம் பிடிபட்டுவிட்டது. புண்படுவார்கள் என்று நீங்கள் கவலைப்படுகிற பார்வையாளர் இவளா?

தொடர் நாவலிலிருந்து விலகிய இடங்களும் உண்டு, அதைப் பற்றி எங்களுக்குள் இன்னமும் தகராறு உண்டு. நாவலில் முராத் அலி என்று பெயரோடு வருகிறவன் தொடரில் வெறும் தேகேதார், அதாவது காண்டிராக்டர். பங்கஜ் கபூர் நடித்தார். நாவலில் நத்து பாதியில் நம் கண்ணை விட்டு மறைந்துவிடுகிறான். தொடர் அவனையும் அவன் மனைவி கர்மோவையும் கடைசி வரை இழுத்து வருகிறது. கர்மோவுக்கு அகதி முகாமில் குழந்தை பிறக்கிறது, வெளியே இரண்டு பக்கக் கோஷங்களும் கேட்கின்றன. சாஹ்னியின் முடிவில் இருந்த கசப்பு இதில் குறைந்துவிட்டது என்பது என் கட்சி. நிஹலானி செய்ததுதான் சரி, ஐந்து மணி நேரம் பார்த்தவனுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மனிதமுகம் வேண்டும் என்பது என் தோழியின் கட்சி. இதெல்லாம் பார்வையாளர் கருத்து. பார்த்த பிறகு வருவது. காதில் போட்டுக்கொள்ள வேண்டியதும் இதைத்தான்.

'எ சூட்டபிள் பாய்' தொடருக்கு நடந்ததை இதோடு சேர்த்து யோசியுங்கள். விக்ரம் சேத்தின் நாவல் 1993இல் வந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். மீரா நாயர் இயக்க, ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை எழுத, ஆறே எபிசோடுகளில் 2020 ஜூலையில் பிபிசி ஒன்றில் ஓடத் தொடங்கி, அக்டோபரில் இங்கே நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. பார்த்தவர்கள் நிறையப் பேசினார்கள். 1951இல் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டுக்குள்ளே இப்படியா இங்கிலீஷில் பேசிக்கொள்ளும்? ஜமீன்தாரி ஒழிப்பு, முதல் பொதுத் தேர்தல் என்று நாவலில் பக்கம் பக்கமாக வருகிற அரசியல் எங்கே போனது? பாடகி சயீதா பாயாக வரும் தபூவும் மான் என்கிற இளைஞனாக வரும் இஷான் கட்டரும் இருக்கும் காட்சிகளில் மட்டும் தொடருக்கு எப்படி உயிர் வந்துவிடுகிறது? எல்லாமே நியாயமான கேள்விகள். அடுத்து ஒரு பெரிய நாவலை எடுக்கும்போது ஆறு எபிசோடு போதாது, மொழியை அதன் போக்கில் விட வேண்டும் என்று உங்களுக்கு எடுத்துச் சொல்கிற கேள்விகள்.

ஆனால் நாடு முழுக்கச் செய்தியானது எது? மகேஷ்வரில் படமாக்கிய ஒரு கோயில் காட்சியில் இந்துப் பெண்ணான லதாவும் அவள் காதலிக்கிற முஸ்லிம் இளைஞன் கபீரும் முத்தமிட்டுக்கொண்டது. மத்தியப் பிரதேசம் ரேவாவில் புகார், நெட்ஃபிளிக்ஸ் அதிகாரிகள் இருவர் மீது வழக்குப் பதிவு. அந்தப் பாத்திரங்களின் மதமும் அந்தச் சர்ச்சைக்குள் இழுக்கப்பட்டது. பார்த்தவர்களின் விமர்சனம் ஒரு பக்கம் முணுமுணுப்பாக நின்றுவிட, யாரும் பார்க்கக் கூடாது என்கிற குரல்தான் 'பார்வையாளர்களின் எதிர்ப்பு' என்று பெயர் வாங்கியது. புகார் கொடுக்க ஒருவருக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. கொடுக்கட்டும். ஓடிடி தளங்களுக்கென்று 2021 பிப்ரவரியில் வந்த விதிகளில் அதற்கென்றே ஒரு அதிகாரியை வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் புகார் கொடுத்தார் என்பதாலேயே மற்ற அத்தனை பேரின் கருத்தும் அதுதான் என்று ஆகிவிடாது. 2024 ஜனவரியில் 'அன்னபூரணி' படத்துக்கு என்ன ஆனது என்பது தமிழ்ப் பார்வையாளர்கள் எல்லோருக்கும் தெரியும். தணிக்கைச் சான்றிதழ் வாங்கித் தியேட்டரில் ஓடிய படம், புகார் எழுந்ததும் நெட்ஃபிளிக்ஸ் தளத்திலிருந்து காணாமல் போனது. அது வரலாற்றுக் கதை இல்லைதான், இருந்தாலும் அந்த வேகம் எங்களுக்கு வலித்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வழக்கு என்றால் உங்கள் ஊழியர்கள்தான் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியே நின்று தைரியம் சொல்வது சுலபம். ஆனால் வழக்கு வந்த பிறகு வெட்டுவதைக்கூட ஒருவகையில் புரிந்துகொள்ளலாம். வழக்கு வந்துவிடுமோ என்று நினைத்து எடுக்காமலே விடுகிறீர்களே, அதைத்தான் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வெட்டியது வெளியே தெரிந்து நாலு பேர் கேள்வி கேட்கலாம். எடுக்காமல் விட்டது யாருக்குத் தெரியும்?

எனக்கு நெருக்கமான ஒரு நாவலை வைத்துச் சொல்கிறேன். அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு', 1977இல் வந்தது. செகந்திராபாத்தில் பிறந்து, இளமையை அங்கேயே கழித்து, அப்புறம் சென்னைக்கு வந்தவர் அவர். கதையில் வரும் சந்திரசேகரன் ரயில்வே ஊழியரின் மகன். லான்ஸர் பாரக்ஸ் குடியிருப்பு, கிரிக்கெட், கல்லூரி, மாடு, அக்கம்பக்கத்து ஆங்கிலோ இந்தியர்களும் முஸ்லிம்களும். நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேருமா சேராதா என்கிற அந்த ஒரு வருடம், நிஜாம் ஆட்சிக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்தது, எல்லாமே இந்தப் பையனின் சைக்கிள் போகிற தெருக்களில்தான் நடக்கிறது. பெரிய மனிதர்களின் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. தமிழில் ஒரு வரலாற்றுத் தொடருக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தோன்றவில்லை. யானைப்படை வேண்டாம், கோட்டை செட் வேண்டாம். பழைய செகந்திராபாத்தின் சில தெருக்களும், சைக்கிள்களும், தமிழும் உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்து புழங்குகிற காதும் இருந்தால் போதும்.

அதன் கடைசிக் காட்சி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராணுவம் வந்த பிறகு கலவரம் திசை மாறுகிறது. தப்பி ஓடுகிற சந்திரசேகரன் ஒரு சுவரேறிக் குதித்து ஒரு வீட்டுக்குள் போய் விழுகிறான். அங்கே பயந்து ஒடுங்கிக் கிடக்கிறது ஒரு முஸ்லிம் குடும்பம். தங்களைக் கொல்ல வந்தவன் என்று நினைத்து, மற்றவர்களை விட்டுவிடச் சொல்லி, ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து தன் உடைகளைக் களைகிறாள். அவன் நிலைகுலைந்து அங்கிருந்து ஓடுகிறான். அந்தப் பெண்ணின் பயத்துக்குத் தானும் ஒரு காரணம் என்று அவனுக்கு உறைக்கிற அந்தக் கணத்துக்காகத்தான் அதற்கு முன்னால் உள்ள கிரிக்கெட்டும் மாடும் கல்லூரியும். உடம்பைக் காட்டாமலே, அவன் முகத்தை மட்டும் வைத்தே அதை எடுக்க முடியும். நல்ல இயக்குநருக்கு அது தெரியும். ஆனால் இந்தக் காட்சி உங்கள் மேசையைத் தாண்டுமா என்று நினைக்கும்போதுதான் எனக்கு அடிவயிறு கனக்கிறது. இதை வெட்டிவிட்டு மீதியைக் காட்டுவதாக இருந்தால் தயவுசெய்து அந்த நாவலைத் தொடாதீர்கள்.

தமஸிலும் இப்படி ஓர் இடம் உண்டு. குருத்வாராவில் சூழப்பட்ட சீக்கியப் பெண்கள், உத்தரா பாவ்கர் நடித்த ஜஸ்பீர் முன்னே நடக்க, ஒருவர் பின் ஒருவராகக் கிணற்றில் குதிக்கிறார்கள். சிலர் இடுப்பில் குழந்தை. 1947 மார்ச்சில் ராவல்பிண்டி மாவட்டத்தின் தோவா கால்சா கிராமத்தில் நிஜமாகவே நடந்தது இது. வன்ராஜ் பாட்டியாவின் இசையோடு அந்த நடை தொலைக்காட்சியில் வந்தபோது, அதில் உயிரோடு தப்பிய குடும்பங்கள் இந்த நாட்டில் எங்கெங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. மனம் புண்பட யாருக்காவது உரிமை உண்டென்றால் அவர்களுக்கு இருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். தமஸை நல்ல பிரதியாக, தமிழ் சப்டைட்டிலோடு எங்களுக்குக் கொடுங்கள். உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப்பிடித்து வாங்குங்கள். நாவல் தமிழிலும் படிக்கக் கிடைக்கிறது, படித்தவர்கள் காத்திருக்கிறோம். சப்டைட்டிலை மிஷினிடம் விட்டுவிடாமல், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரிடம் கூலி கொடுத்து எழுத வாங்குங்கள். பார்வையாளர் கருத்தை அறிய வேண்டுமானால் முழுவதையும் பார்த்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். எந்த ஊருக்குக் கூப்பிட்டாலும் வருவோம். தமிழில் 1947ஐ, 1948ஐ, அதற்கு முன்னும் பின்னும் உள்ள காலங்களை எழுதிய நாவல்களை எடுங்கள். வயதுக் குறிப்பைப் பெரிதாகப் போடுங்கள், அது போதும்.

சட்டப்படி வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை என்றைக்காவது வந்தால், எந்த எபிசோடில் எத்தனை நிமிடம், எந்தக் காட்சி, யாருடைய உத்தரவு என்பதைத் தொடரின் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். 1988இல் தடை கேட்டது என்ன காரணத்துக்காக, எந்த நீதிபதிகள் அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்பது தீர்ப்பாக அச்சாகி, இன்றும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி இருக்கிறது. நீங்கள் வெட்டுவதற்கும் அப்படி ஒரு பதிவு இருக்கட்டும். அது சரியா தப்பா என்று நாங்கள் படித்துப் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு தமிழ்ப் பார்வையாளர்